தட்டுக்கு வைத்த பொட்டு

சித்தி, உங்க மடியில இருக்கிறது எங்க சென்டர் கவர்தானே? காவி நிறத்துல, மூலையில விலா எலும்புப் படம் போட்டது? நான் ஏறும்போதே பார்த்துட்டேன். அந்தக் கவர்ல எத்தனை நூறை என் கையால கொடுத்திருப்பேன்! கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, பிள்ளைக்கு ஜன்னல் வேணுமாம். சம்யு, பாட்டிக்கு வணக்கம் சொல்லு. சொல்லமாட்டா. ரெண்டு வயசுலயே அவ்வளவு திமிர்.

திருநவேலிக்கா? நானும் அங்கேதான். பெரிய ஆஸ்பத்திரிக்கா? சித்தப்பாவுக்கா? அவங்க எங்கே? டிரைவருக்குப் பின்னாடி, துண்டால மூக்கையும் வாயையும் கட்டிக்கிட்டுத் தனியா உக்காந்திருக்காங்களே, அவங்களா? அதென்ன, நீங்க இங்கே அவங்க அங்கே, சண்டையா?

நெஞ்சுலயா? அடப் பாவமே. பேரனைத் தூக்கி ஒரு மாசம் ஆச்சா? மருமக தனித் தட்டு, தனி டம்ளர் கொடுத்து, இப்ப பிள்ளையையும் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டாளா? நல்ல மருமக! சரி, கவலைப்படாதீங்க சித்தி. சளி கட்டியிருக்கும். எங்க சென்டருக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்குச் சளிதான்.

நான் எதுக்குப் போறேன்னு கேளுங்க. ஒரு மனுசனைப் பத்திப் புகார் கொடுக்கப் போறேன். இந்தா, மூணு பக்கம் எழுதியிருக்கேன். எங்க சென்டரோட முதலாளி டாக்டர் திருநவேலியில இருக்கார், அவர் கையில நேராக் கொடுக்கணும். ஏட்டி சம்யு, அதைக் கடிக்காத! தபால்ல போட்டா அந்த மனுசன் நடுவுல வாங்கிக் கிழிச்சாலும் கிழிச்சிடுவார்.

அவர் பேர் கோமதிநாயகம். எக்ஸ்ரே எடுக்கிறவர். நீங்க பார்த்திருப்பீங்க, ஒல்லியா, கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு, யார் வந்தாலும் கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாரே, அவரேதான். மூச்சை இழு, பிடி, விடு. இந்த மூணு வார்த்தைக்கு மேல யார்கிட்டயும் பேசமாட்டார். மத்த பேச்செல்லாம் நான்தான். பேர் கேட்கிறது, கம்ப்யூட்டர்ல ஏத்துறது, சட்டையைக் கழட்டச் சொல்றது, வயசானவங்களைக் கையைப் பிடிச்சு நிறுத்துறது, எல்லாம் நான். ஒன்றரை வருசம் செஞ்சேன். ஒருநாள் லேட்டாப் போனதில்லை. இவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, அழுதுக்கிட்டே இருக்கிறவளைத் திரும்பிப் பார்க்காம ஓடியிருக்கேன்.

இவ நெத்தியைப் பாருங்க, பொட்டு அழகா இருக்கா? மேல சின்னதா வால் மாதிரி ஒரு இழுப்பு இருக்குல்லா? அது என் கை. மோதிர விரலால தொட்டு மேல ஒரு இழுப்பு இழுப்பேன். எங்க ஊர்ல பொட்டைப் பார்த்தே பூங்கனி பிள்ளைன்னு சொல்லிடுவாங்க. எதுக்குச் சொல்றேன்னா, இந்தப் பொட்டாலதான் எனக்கு வேலை போச்சு.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

இப்பல்லாம் எக்ஸ்ரேக்கு பிலிமை வெச்சு எடுக்கிறதில்லை சித்தி. கடைசியில கையில கொடுக்கிற படம் வேற, அது பிரிண்ட். எடுக்கும்போது உங்களை ஒரு கறுப்புப் பெட்டிமேல நெஞ்சை ஒட்டி நிக்கச் சொல்வாங்கல்லா, பலகை மாதிரி தட்டையா இருக்குமே, அதுக்குப் பேர் காசெட். அதுக்குள்ள ஒரு தட்டு இருக்கு. வெள்ளையா, வழவழன்னு, கல்யாணப் பத்திரிகை அட்டை மாதிரி. பார்த்தா ஒண்ணுமே இருக்காது. எடுக்கிறதுக்கு முன்னாலயும் வெள்ளை, எடுத்த பிறகும் வெள்ளை. ஆனா படம் பூரா அதுக்குள்ளதான் இருக்கு.

வந்த புதுசுல நான் அவர்கிட்ட கேட்டேன், "சார், ஒண்ணுமே தெரியலியே, படம் எங்கே இருக்கு?"

"சொன்னா உனக்கு விளங்கவா போகுது" என்றார்.

பாருங்க, பேச்சை. நான் பன்னெண்டாவது வரைக்கும் எங்க ஊர் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல படிச்சவ. இயற்பியல்ல எண்பத்தொண்ணு. "சொல்லித்தான் பாருங்களேன்" என்றேன். வேண்டாவெறுப்பாத்தான் சொன்னார். எக்ஸ்ரே உடம்பைத் தாண்டித் தட்டுல விழும். எலும்பு இருக்கிற இடத்துல கம்மியா விழும், காத்து இருக்கிற இடத்துல நிறைய விழும். விழுந்த இடத்துல எல்லாம் தட்டுக்குள்ள இருக்கிற எலக்ட்ரான் துள்ளி எழும்பி, பக்கத்துல இருக்கிற குழியில போய் மாட்டிக்கிடும். அப்படியே கிடக்கும். பிறகு ரீடர் மெஷினுக்குள்ள தட்டைக் கொடுத்தா, சிவப்பு லேசர் ஒண்ணு வரிவரியாத் தடவிக்கிட்டே போகும். தடவுற இடத்துல எலக்ட்ரான் குழியை விட்டு வெளிய வரும், வரும்போது நீலமா ஒரு வெளிச்சத்தைக் கக்கும். அந்த நீல வெளிச்சத்தை அளந்து அளந்துதான் மெஷின் படம் போடுது. வெளிச்சம் நிறைய வந்தா கறுப்பு, வராத இடம் வெள்ளை.

எனக்கு ஒரே தடவையில விளங்கிடுச்சு. எங்க வீட்டுல இவளுக்காக மச்சுல நட்சத்திரம் ஒட்டியிருக்கேன், லைட்டை அணைச்சா பச்சையா மினுங்குமே, அது. அதுவும் வெளிச்சத்தைக் குடிச்சு வெச்சுக்கிட்டு இருட்டுல கக்குது. "அது மாதிரியா சார்?" என்று கேட்டேன். மனுசன் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாதிரிதான். ஆனா உன் நட்சத்திரத்துக்குப் பொறுமை கிடையாது, தன்னால கக்கிரும். தட்டு, கேட்கிற வரைக்கும் வெச்சிருக்கும்" என்றார். அவர் என்னை மெச்சினது அந்த ஒரு நாள்தான். மெச்சினார்னுகூடச் சொல்ல முடியாது. திட்டலை, அவ்வளவுதான்.

இதுல முக்கியமானது அழிப்பு. அதைக் கவனமாக் கேளுங்க, அங்கேதான் அவர் மாட்டுறார். லேசர் தடவினாலும் கொஞ்சம் மிச்சம் தட்டுல தங்கிடுமாம். அதனால கடைசியில பளீர்னு வெள்ளை லைட்டைப் போட்டு அந்த மிச்சத்தை அழிக்கும் மெஷின். பிறகு அதே தட்டை அடுத்த ஆளுக்கு வைப்பாங்க. அப்படி ஆயிரக்கணக்கான தடவை. தினமும் காலையில சென்டரைத் திறந்ததும், யாரும் வர்றதுக்கு முன்னால எல்லாத் தட்டையும் ஒரு தடவை அழிக்கணும். சும்மா கிடந்தாலும் சுவத்துல இருந்து, மண்ணுல இருந்து எதையாவது பிடிச்சு வெச்சிருக்குமாம். அது என் வேலை. முதல் நாள் அதைச் சொல்லிக்கொடுக்கும்போது அவர் வாயால என்ன சொன்னார் தெரியுமா? "தட்டுல எது இருந்தாலும் இந்த லைட் அழிச்சிரும்." எது இருந்தாலும்! இந்தக் காதால கேட்டேன். புகார்லயும் எழுதியிருக்கேன், அடிக்கோடு போட்டு.

ஆயுத பூஜை வந்துது. எல்லா இடத்துலயும் செய்யறதுதானே, எங்க சென்டர்லயும் செஞ்சோம். நான்தான் கழுவி, துடைச்சு, மாவிலை கட்டி, பொரி கடலை எல்லாம் வாங்கிட்டு வந்தேன். சந்தனமும் குழைச்சேன். எக்ஸ்ரே மெஷின் ஸ்டாண்டுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, பிரிண்டருக்குப் பொட்டு, தண்ணி கேனுக்குக்கூடப் பொட்டு. காசெட் பக்கம் கையைக் கொண்டுபோனதும், "அது கிட்ட போகாத!" என்று ஒரே சத்தம். பூஜை வேளையில! கேட்டவங்க நான் திருடுறேன்னு நினைச்சிருப்பாங்க.

நீங்களே சொல்லுங்க சித்தி. ஸ்டாண்டு சும்மா நிக்குது. தண்ணி கேன் சும்மா கிடக்குது. அத்தனை பேர் நெஞ்சையும் முதுகையும் தாங்கி, உள்ளே பிடிச்சு வெச்சு, கேட்டதும் கொடுக்கிறது அந்தத் தட்டு. அதுக்குப் பொட்டு கிடையாதா? எனக்கு மனசு கேட்கலை. அவர் கும்பிட்டுட்டுக் கிளம்பினார். பெரிய காசெட் ரெண்டுல ஒண்ணை எடுத்தேன். அவர் சனிக்கிழமை தோறும் திறந்து துடைக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் திறக்கத் தெரியும். தட்டை வெளிய எடுத்தேன். காசெட் மேல வெச்சா நாளைக்கே பார்த்துக் கத்துவார். தட்டுலயே, மேலாப்ல, நெத்தி இருந்தா எங்கே இருக்குமோ அங்கே, எண்ணெயில குழைச்ச குங்குமத்தால ஒரு பொட்டு வெச்சேன். கை கொஞ்சம் ஒரு பக்கமாத் தள்ளிப்போச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டு உள்ளே வெச்சு மூடிட்டேன். மறுநாள் காலையில அழிக்கத்தானே போறோம், லைட் பட்டா தன்னால போயிடும்னு நினைச்சேன். எது இருந்தாலும் அழிச்சிடும்னு சொன்னது அவர்தானே?

சரி, அது போகலை. குங்குமம் வேற, எலக்ட்ரான் வேறயாம். அதை அன்னைக்கே சொல்லியிருக்கணுமா இல்லையா?

ஒரு வாரம் கழிச்சு ஒரு அம்மாவுக்கு வயித்துப் படம் எடுத்தார். பார்த்துக்கிட்டே இருந்தார். அலமாரியில இருந்து வேற யாரோ வாங்கிட்டுப் போகாம விட்ட நெஞ்சுப் படத்தை எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினார். ரெண்டுலயும் ஒரே இடத்துல வெள்ளையா ஒரு பொட்டு. காசெட்டைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "பூங்கனி." அம்மா போடலை, ஒண்ணும் போடலை. மொட்டையா, பூங்கனி.

"இது யாரு வெச்சது?"

"நான்தான் சார். சாமி குங்குமம்."

"நீல வெளிச்சம் வெளிய வர வழியில்லாம நீ அடைச்சு வெச்சிருக்கம்மா. படத்துல வெள்ளையா விழுந்திருக்கு. டாக்டர் அதைப் பார்த்தா நுரையீரல்ல பொட்டுன்னு எழுதுவார். டி.பி.யான்னு பாருங்கன்னு எழுதுவார். எத்தனை பேருக்கு எழுதினாரோ!"

"நீங்களும்தானே சார் படத்தைப் பார்த்தீங்க? உங்க கண்ணு எங்கே போச்சு? போன சனிக்கிழமை தட்டைத் துடைக்காம கல்யாணத்துக்குப் போனது யாரு?"

நான் விடலை. நல்லாக் கேட்டேன். அதுக்கு அவர், "ஆமா, என் தப்பும்தான்" என்று சொல்லிட்டு நாற்காலியில உக்காந்துட்டார். நடிப்பு! அப்படி ஒத்துக்கிட்டா நம்ம வாயை அடைச்சிடலாமில்லையா, அதுக்காக.

பிறகு ஆரம்பிச்சார் பாருங்க, கணக்கெடுப்பு. அந்தத் தட்டுல நெஞ்சுப் படம் எடுத்தவங்க ஏழு பேர். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டார். "ஒரு தப்பு நடந்துபோச்சு, வாங்க, வேற படம் எடுத்துத் தர்றேன்." ஆறு பேர் வந்தாங்க. எடுத்தார். ஆறு பேருக்கும் ஒண்ணும் இல்லை. அதோட முடிஞ்சுதுல்லா? இல்லையாம். ஏழாவது ஆளுக்கு போன் போட்டார். எங்க மேஜையிலேயே மணி அடிச்சுது.

சிரிக்காதீங்க சித்தி. போன் இல்லாதவங்க வருவாங்க. கம்ப்யூட்டர் பத்து எண் போடாம அடுத்த பக்கத்துக்குப் போகாது. வெளிய இருபது பேர் நிக்கும்போது நான் என்ன செய்யட்டும்? எங்க சென்டர் நம்பரையே போட்டு விடுவேன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் செய்வாங்க. ஊர்னு கேட்டா அந்த ஆள் "புதூர்" என்று மட்டும் சொல்லியிருக்கார். நானும் புதூர்னு ஏத்திட்டேன். நம்ம பக்கம் புதூருக்கா பஞ்சம்?

அதுக்குப் பிறகு அந்த மனுசனுக்கு வெறி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமைன்னா பைக்கை எடுத்துக்கிட்டுப் புதூர் புதூராச் சுத்துறார். கீழப்புதூர், மேலப்புதூர், சாஸ்தாபுதூர். டீக்கடையில நின்னு விசாரிக்கிறாராம், எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சொன்னார். எதுக்குன்னு நினைக்கிறீங்க? எனக்கு எதிராச் சாட்சி சேர்க்க! ஒரு பொம்பளையை வேலையை விட்டுத் துரத்த ஒரு மனுசன் வெயில்ல இவ்வளவு அலைவாரா? அலைஞ்சாரே. முதலாளி டாக்டர்கிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டார். தன் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னாராம், பெரிய அரிச்சந்திரன்! அவருக்குத் திட்டு விழுந்துது, எனக்கு வேலை போச்சு.

வேலையை விட்டு நின்ன பிறகும் விடலை. போன் மேல போன். ஒரே ஒரு தடவை எடுத்தேன். "பூங்கனி, அந்த ஆள்கிட்ட பேசினது நீதானே, முகம் எப்படி இருந்துது, ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். "உங்க முகத்தையே மறக்கணும்னு பார்க்கிறேன் சார்" என்று சொல்லிட்டு வெச்சேன். வெச்ச கையோட நம்பரை பிளாக்கும் பண்ணிட்டேன். எப்படி என் பதில்?

அதுதான் புகார்ல கடைசியா நறுக்குன்னு எழுதியிருக்கேன். படிக்கிறேன், கேளுங்க. "ஐயா, என்னால் யாருக்கு என்ன கெடுதல் நடந்தது? ஆறு பேரும் நலமாக இருக்கிறார்கள். ஏழாவதாக ஒருவர் பாதிக்கப்பட்டார் என்றால் கோமதிநாயகம் அவரை என் முன்னே கொண்டுவந்து நிறுத்தட்டும். அப்படி ஒரே ஒரு ஆளைக் காட்டிவிட்டால் நான் வாய் திறக்காமல் போய்விடுகிறேன்." எப்படி? நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன், வக்கீல் தோத்தார் என்றார்.

என்ன சித்தி, கையை இப்படிப் பிடிக்கிறீங்க? வலிக்குது.

பொட்டு என்னைக்கு வெச்சேன்னா? ஆயுத பூஜை அன்னைக்கு. நீங்க என்னைக்குப் படம் எடுத்தீங்க?

பூஜை கழிஞ்சு ரெண்டாம் நாளா? எந்த ஊரு உங்களுக்கு? எந்தப் புதூர்? ஆத்துக்கு அந்தப் பக்கமா? அங்கே ஒரு புதூர் இருக்கா?

கொடுங்க, அந்தக் கவரை இப்படிக் கொடுங்க. சம்யு, சும்மா இரு. கவர்மேல ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்க்கிறேன். சுடலைமுத்து, வயசு அம்பத்திரெண்டு. செல் நம்பர்... உங்க வீட்டுல போன் கிடையாதா? மகன்கிட்ட மட்டும்தான் இருக்கா, அவன் திருப்பூர்லயா? இது... இது எங்க சென்டர் நம்பர் சித்தி.

படத்தை வெளிய எடுங்க. ஜன்னல் பக்கமாத் தூக்கிப் பிடிங்க, வெயில் படட்டும். விலா எலும்பு தெரியுதா? இது காறை எலும்பு. அதுக்குக் கீழே, இந்தா, வெள்ளையா. டாக்டர் இதைத்தான் காட்டினாரா? சளியை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினாங்களா? அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தும், இந்தப் பொட்டுக்காகத்தான் ஸ்கேனுக்கு எழுதினாங்களா?

இதோட மேல் பக்கத்தைப் பாருங்க சித்தி. ஒரு இழுப்பு இருக்கு. சின்னதா, வால் மாதிரி.

இல்லை, படத்தைப் பார்த்தது போதும். இவ நெத்தியைப் பாருங்க.

திட்டுங்க சித்தி. இப்படி என்னையே பார்க்காதீங்க. இத்தனை நேரம் நான்தான் வாய் ஓயாம... உங்களை ஒரு வார்த்தை முழுசாப் பேச விட்டேனா? ஏறின உடனே கேட்டிருந்தா ஏறின உடனே முடிஞ்சிருக்கும். அன்னைக்கு அவங்ககிட்ட "எந்தப் புதூர் அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு மாசம் அவங்க தனித் தட்டுல தின்னிருக்கவேண்டாம். நான் கையைப் பிடிச்சு நிறுத்தினவங்கதானே? இப்ப துண்டு கட்டியிருக்கிறதால எனக்கு அடையாளமே தெரியலை.

ஒண்ணுமே இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். அதைச் சொல்றதுக்கு நான் யாரு? அழிச்ச, துடைச்ச தட்டுல வேற படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா இந்தப் பொட்டு அவங்க நெஞ்சுல இருக்கிறது இல்லை. இது என் விரல். ஸ்கேனுக்கு அங்கே போய்க் காத்துக் கிடக்கிறதுக்கு முன்னால இதை எடுத்துப் பார்த்துடலாம். ஆலங்குளம் இப்பத்தான் தாண்டுச்சு, எதிர் பஸ்ஸைப் பிடிச்சா எங்க சென்டருக்கு முக்கால் மணி நேரம். அந்தப் புகாரா? அது போகட்டும். சம்யு, நீ கடிடி, நல்லாக் கடி.

இருங்க, ஒரு நம்பரைப் பிளாக்ல இருந்து எடுக்கணும். எங்கே இருக்கு இது... ஆங். மணி அடிக்குது. சித்தி, நீங்க முன்னாடி போய்ச் சித்தப்பாகிட்ட சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. அப்படியே கண்டக்டர்கிட்ட அடுத்த ஸ்டாப்ல மூணு டிக்கெட் இறங்கணும்னு...

ஹலோ. சார். நான்தான். பூங்கனி. திட்டுறதுக்கு இல்லை சார், வெச்சிடாதீங்க. ஏழாவது ஆள் இங்கே இருக்காங்க. இதே பஸ்ஸுல, ரெண்டு சீட்டு முன்னால. ஆமா சார், சுடலைமுத்து. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் புதூர். சார்? சார், அழுறீங்களா என்ன? இன்னைக்கு அரை நாள்னு தெரியும். இருந்தாலும் தட்டை இன்னொரு தடவை அழிச்சு வெச்சுக்கிட்டு, நாங்க வர்ற வரைக்கும் சென்டரைப் பூட்டாம இருங்க சார்.